எண்ணூற்றைம்பது வாட்ஸ்

சவுண்டுக்காரர் கடையில் இருந்த ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு வயதாக ஆகப் பலம் கூடிக்கொண்டே போனது. வாங்கிய புதிதில் அவை முந்நூறு வாட்ஸ். பெட்டியின் முதுகில் கம்பெனிக்காரன் பொடி எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தான். பிறகு தெருமுனையில் இன்னொருவன் மைக் செட் கடை திறந்து, தன் பெட்டிகளில் 'ஆயிரம் வாட்ஸ்' என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினான். இவருடைய பெட்டிகள் உடனே இரண்டாயிரம் ஆயின. அவன் மூவாயிரம் போனான். இவர் ஐயாயிரத்தில் போய் நின்றார். உள்ளே இருந்த காந்தமும் சுருளும், கிழிந்து பசைபோட்டு ஒட்டிய காகிதக் கூம்பும் மட்டும் இந்தப் பதவி உயர்வுகள் எதையும் அறியாமல் பழையபடி இரைந்துகொண்டிருந்தன.

"எவன் காதால கேக்கறான்? பெட்டியப் பாத்துத்தான் கேக்கறான்" என்பது அவருடைய கொள்கை. கல்யாணமோ கடைத்திறப்போ பள்ளிக்கூட ஆண்டுவிழாவோ, கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்று யாராவது வந்து நின்றால், "காத்து அந்தப் பக்கம் அடிக்குது சார்" என்பார். மூடிய மண்டபத்துக்குள்ளும் அதைத்தான் சொன்னார்.

ஸ்டிக்கர் ஒட்டுவது மகளின் வேலை. அப்பா ஒட்டினால் அம்மை போட்ட மாதிரி கொப்புளம் கொப்புளமாக வரும். அவள் பெட்டியின் முகத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, ஸ்டிக்கரை மெல்லப் படியவைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பழைய ஸ்கேலால் தள்ளிக்கொண்டே வருவாள். ஒரு குமிழ் நிற்காது. பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்து ஒட்டிய காலத்தில் அதை ஓவிய வகுப்பு மாதிரி நினைத்திருந்தாள். விவரம் தெரிந்த பிறகும் ஒட்டினாள், பேசாமல்.

இப்போது அவள் குளிர்சாதனப் பெட்டி விற்கும் நிறுவனம் ஒன்றில் தொலைபேசிப் பிரிவில் வேலை பார்க்கிறாள். எங்கோ ஒரு வீட்டில் ஐஸ் கட்டவில்லை என்றால் அதற்கு இவள் வருத்தம் தெரிவிக்க வேண்டும். யாரோ செய்த பெட்டி, யாரோ விற்ற பெட்டி, யாரோ கெடுத்த பெட்டி. மன்னிப்பு மட்டும் இவளுடையது. காலையில் தொடங்கி மாலைவரை குரலில் பிசிறில்லாமல் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, தெருக்கோடியில் இருக்கும் கேம் சென்டரில் வாடகைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். அங்கே அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. சுடுவாள்.

ஐந்து பெண்கள் சேர்ந்த அணி. ஒருத்தரை ஒருத்தர் நேரில் பார்த்ததில்லை. போட்டி ஒன்றில் ஒவ்வொரு சுற்றாகத் தாண்டி, யாரும் எதிர்பாராமல் மேலே வந்துவிட்டார்கள். அடுத்த சுற்றை அவரவர் வீட்டில், அவரவர் சொந்தக் கம்ப்யூட்டரில், காமிராவைப் போட்டுக்கொண்டுதான் ஆட வேண்டும் என்பது விதி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். கேப்டன் நல்ல மாதிரிதான், ஆனாலும் சொல்லிவிட்டாள்: "உன்கிட்ட மெஷின் இல்லன்னா சொல்லிடு, வெயிட்டிங்ல ஒருத்தி இருக்கா."

இதற்காகத்தான் அவள் ஒரு வருஷத்துக்கு மேலாகச் சம்பளத்தில் பிய்த்துப் பிய்த்துச் சேர்த்திருந்தாள். மதியம் கேண்டீன் பக்கம் போகாமல் ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டுபோனாள். என்னென்ன வாங்க வேண்டும் என்பது மனப்பாடம். பிராசஸர் போன தலைமுறையது, போதும். ரேம் தேவைக்கு. மானிட்டர் பழையது, அலுவலகத் தோழி தருகிறாள். கேபினட் இருப்பதிலேயே சாதாரணமானது, கறுப்புத் தகரம். மிச்சமெல்லாம் கிராஃபிக்ஸ் கார்டுக்கு. அதைத் தாங்குகிற மாதிரி ஒரு நல்ல பவர் சப்ளை.

அம்மா மருந்துக்கடையில் கல்லாவில் உட்காருபவள். சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டே கேட்டாள். "அந்தக் கார்டு என்னடி பண்ணும்?"

"படம் போடறது அதாம்மா. அடுப்புன்னு வெச்சுக்கோ."

"அப்போ பவரு?"

"கேஸ் சிலிண்டர்."

"அப்ப அதுல கஞ்சத்தனம் பண்ணாத. அடுப்பு மட்டமா இருந்தா சோறுதான் வேகாது. சிலிண்டர் மட்டமா இருந்தா வீடே போயிடும்" என்றாள் அம்மா. அந்த வீட்டில் கம்ப்யூட்டர் பற்றிச் சொல்லப்பட்டதிலேயே உருப்படியான வாக்கியம் அதுதான். ஆனால் அம்மாவைக் கடைக்கு யாரும் கூப்பிடவில்லை.

அப்பாவையும் யாரும் கூப்பிடவில்லை. அவராகக் கிளம்பினார்.

"நீ மட்டும் போனா தலையில கட்டிடுவான். கரண்ட்டப் பத்தி எனக்குத் தெரியாததா? எத்தன ஜெனரேட்டர் பாத்திருப்பேன்!" முந்தின நாள் விழா ஒன்றிலிருந்து திரும்பிய ஒயர்களை அவர் அப்போது சுருட்டிக்கொண்டிருந்தார். முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே ஒயர் எட்டு மாதிரி விழுந்துகொண்டே வரும். முறுக்கு விழாது, சிக்கு விழாது. பார்க்க அழகாக இருக்கும். அந்த வேலை அவருக்கு உண்மையிலேயே தெரியும். தெரிந்த வேலையைப் பற்றி அவர் பேசுவதே இல்லை என்பதுதான் வேடிக்கை.

கம்ப்யூட்டர் கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. குனிந்து நுழைய வேண்டும். வெளியே புழுங்கித் தள்ளியது. உள்ளே ஏசி ஒழுகுவதற்குப் பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள். கடைக்காரன் முப்பதைத் தாண்டாதவன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அவள் கேட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தான். இருவரும் தலையை ஆட்டிக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது சவுண்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. தன்னை மேடையிலிருந்து இறக்கிவிட்ட மாதிரி இருந்தது.

"பவர் சப்ளை ஐந்நூத்தம்பது. இதுதான் நீங்க கேட்டது. நல்ல கம்பெனி" என்று ஒரு பெட்டியை வைத்தான் கடைக்காரன்.

சவுண்டுக்காரர் அலமாரியைப் பார்த்தார். அங்கே பளபளவென்று இன்னொன்று உட்கார்ந்திருந்தது. மேலே தங்க எழுத்தில் எண்ணூற்றைம்பது வாட்ஸ். விலை பாதி.

"அது என்ன தம்பி?"

"அது டைப் அடிக்கற மெஷினுக்குப் போடறது சார். கேமுக்கு வேணாம்."

"எண்ணூத்தம்பது டைப் அடிக்க, ஐந்நூத்தம்பது கேமுக்கா? கணக்கு நல்லா இருக்கே!" சிரித்தார். பிறகு இரண்டையும் இரண்டு கையில் வாங்கி, ஏற்றி இறக்கிப் பார்த்தார். அவர் தொழிலில் அது நியாயமான சோதனைதான். ஸ்பீக்கரில் காந்தம் பெரிதானால் கனம் கூடும், கனம் கூடினால் சத்தம் உடையாமல் நிற்கும். அப்படித் தூக்கிப் பார்த்தே அவர் கடைக்குச் சரக்கு எடுத்திருக்கிறார், ஏமாந்ததில்லை. "கனத்தப் பாரு. உன்னோடது தக்கை மாதிரி இருக்கு. இதுதான் சரக்கு."

"அப்பா, அது நிஜமா எண்ணூத்தம்பது இல்லப்பா."

"போட்டிருக்கே?"

"அது வெறும் ஸ்டிக்கர்ப்பா."

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். வாளியில் சொட்டு விழும் சத்தம் கேட்டது.

"வெறும் ஸ்டிக்கரா?" அவர் குரல் ஏறியது. மைக் இல்லாமல் தெருவுக்குக் கேட்கும் குரல். "கம்பெனிக்காரன் என்ன, வெள்ளைக் காயிதத்துல கண்டதையும் எழுதி ஒட்டிடுவானா? ஒரு நம்பர் போட்டா அதுக்கு ஒரு மரியாத இல்ல? தம்பி, நீங்களே சொல்லுங்க. வேல வெட்டி இல்லாம எவனாவது பொய் நம்பர் அடிச்சு ஒட்டுவானா?"

கடைக்காரன் அவரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினான்.

ஒரு வாக்கியம் போதும். 'நம்ம கடையில யாரு ஒட்டினா' என்று கேட்டால் அந்த வழக்கு அங்கேயே முடிந்துவிடும். அவள் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அப்பா ஓர் அந்நியன் முன்னால் மார்பை நிமிர்த்திக்கொண்டு, சட்டைக் கழுத்து வியர்வையில் நனைந்து, தான் சொன்னதைத் தானே முழுசாக நம்பிக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் போய் எதை எறிவது?

"சரிப்பா. அதையே எடுத்துக்கலாம்" என்றாள். குளிர்சாதனப் பெட்டிக்காரர்களிடம் பேசும் அதே குரல்.

மிச்சமான பணத்தில் அவர் கறுப்புத் தகரத்தையும் மாற்றினார். பக்கவாட்டில் கண்ணாடி போட்ட கேபினட், நிறம் மாறி மாறிச் சுழலும் ஃபேன்கள். மைக் செட்டோடு சீரியல் லைட்டும் வாடகைக்கு விடுகிறவருக்கு அதைப் பார்த்ததும் பிறவிப் பயன் கிடைத்த மாதிரி இருந்தது.

மறுநாள் சாயங்காலம் வீட்டில் திறப்புவிழா. அப்படியொன்று வேண்டும் என்று கம்ப்யூட்டரோ மகளோ கேட்கவில்லை. அவர் தன் மனைவியின் அண்ணனை வரச்சொல்லியிருந்தார். பஸ் கண்டக்டர். சில்லறைக்கும் கிண்டலுக்கும் பஞ்சமில்லாதவர்.

"என்ன மாப்ளே, பொண்ணு வெளையாட பொட்டி வாங்கினா பொட்டிக்கே புடவ கட்டி லைட்டு போட்டிருக்கீங்க?"

"எண்ணூத்தம்பது வாட்ஸ் மச்சான்!"

"அப்டீன்னா?"

"எண்ணூத்தம்பதுன்னா எண்ணூத்தம்பது. அவ வேற எதையோ எடுக்கப் பாத்தா. நல்ல வேள, நான் கூடப் போனேன்."

அம்மா டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தாள். மகள் ஒயர்களைச் செருகிக்கொண்டிருந்தாள். பிராசஸரை உட்காரவைத்து, பசை தடவி, கார்டை அதன் வாயில் 'டிக்' என்று பொருத்தியதெல்லாம் அவள்தான். அவசரமில்லாத விரல்கள், குமிழ் நீக்கிப் பழகியவை.

ஓடியது. நன்றாகவே ஓடியது. திரையில் பனி மூடிய ஓர் ஊர் விரிந்தது. துப்பாக்கியோடு ஒரு பெண் மதில்மேல் நின்றாள்.

"யாருடி இவ? இந்தப் பனியில கையில்லாத சட்டையோட நிக்கறா" என்றாள் அம்மா.

"நான்தாம்மா அது."

"மொதல்ல ஒரு ஸ்வெட்டரப் போடு."

மகள் சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து அந்த வீட்டில் அந்தச் சிரிப்பு கேட்டது. மதில் இறங்கி ஓடினாள், பதுங்கினாள், குறிபார்த்தாள். சவுண்டுக்காரர் ஐயாயிரம் வாட்ஸ் பெட்டிகளில் இரண்டைக் கூடத்துக்குக் கொண்டுவந்து இணைத்திருந்ததால் காலடிச் சத்தம்கூட இடி மாதிரி கேட்டது. "பாத்தியா மச்சான், பாத்தியா" என்று அவர் கண்டக்டரின் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தார்.

எதிரிகள் கூட்டமாக வந்து, ஊரே பற்றி எரியத் தொடங்கியபோது ஃபேன்களின் இரைச்சல் ஏறியது. பிறகு பட்டாசு மாதிரி ஒரே ஒரு வெடி. ஃபேன்களின் வானவில் அணைந்தது. வீட்டு விளக்கும் போனது. சாயங்கால வெளிச்சத்தில் கேபினட்டின் பின்னாலிருந்து சாம்பல் நிறப் புகை ஒரு நூலாக ஏறியது. ரப்பர் கருகிய நாற்றம்.

மகள் பிளக்கைப் பிடுங்கினாள். அம்மா ஜன்னலைத் திறந்தாள்.

"வோல்டேஜு" என்றார் சவுண்டுக்காரர். "பக்கத்து வீட்டுல மோட்டார் போட்டிருப்பான்."

"அவங்க ஊருக்குப் போயிருக்காங்க" என்றாள் அம்மா.

"அப்ப அந்த கேமு. ரொம்ப ஹெவி. அவ்ளோ பேரு ஒரே சமயத்துல வந்தா?"

"மாப்ளே, எங்க பஸ்ஸு நின்னா எல்லாரும் எறங்கித் தள்ளுவோம். இத எந்தப் பக்கம் தள்ளணும்?" என்றார் கண்டக்டர். வழக்கமாக அவர் கிண்டலுக்கு யாராவது சிரிப்பார்கள். இப்போது யாரும் சிரிக்காததைப் பார்த்து, ஆறிப்போன டீயை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு, டியூட்டி இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார்.

"உன்ன யாரு கூடப் போகச் சொன்னா?" அம்மா கணவனைக் கேட்டது அவ்வளவுதான். அவள் அவரை ஒருமையில் பேசி அவர் கேட்டதே இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. வானம் கறுத்திருந்தது. சவுண்டுக்காரர் கேபினட்டைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தார், மகள் ஓட்டினாள். வழியெல்லாம் அவர் கடைக்காரனிடம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். "விட மாட்டேன். போட்டது எண்ணூத்தம்பது. எனக்கு எண்ணூத்தம்பது வந்தாகணும்." அவர் பேசுவது அவள் முதுகில் அதிர்ந்தது.

கடையில் அந்தப் பேச்சைப் பேசியும் முடித்தார். கடைக்காரன் நடுவில் குறுக்கிடவில்லை. பவர் சப்ளையைக் கழற்றி மேசைமேல் வைத்து, நான்கு மூலைத் திருகுகளையும் எடுத்து, மூடியைத் தூக்கினான்.

உள்ளே பாதி இடம் காலி. ஒல்லியான ஒரு பலகை, அதில் கருகி வெடித்த இரண்டு சாமான்கள். ஓரத்தில், தகரத்தோடு பசைபோட்டு ஒட்டியபடி, சோப்புக்கட்டி அளவில் சாம்பல் நிறமாக ஒன்று. கடைக்காரன் ஸ்க்ரூடிரைவரால் நெம்பினான். மேசைமேல் 'டொக்'கென்று விழுந்தது.

"என்ன இது?"

"சிமெண்ட் சார். கனத்துக்கு."

சவுண்டுக்காரர் மூடியைத் திருப்பித் தங்க எழுத்தைப் பார்த்தார்.

கடைக்காரன் கார்டைக் கழற்றி இன்னொரு மெஷினில் போட்டுப் பார்த்தான். திரை கறுப்பாகவே இருந்தது. வேறு ஒயர், வேறு பவர் சப்ளை. கறுப்புதான். கார்டின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை இருந்த இடத்தை மகளுக்கு மட்டும் காட்டினான். அவள் குனிந்து பார்த்தாள். ஒரு வருஷத்து மதியச் சாப்பாடு அந்த இடத்தில்தான் கருகியிருந்தது.

"பவர் சப்ளைக்கு வேற தரேன் சார். கார்டு இப்பிடிப் போனா கம்பெனில மாத்தித் தர மாட்டாங்க."

"எண்ணூத்தம்பதுன்னு போட்டிருந்துதே" என்றார் சவுண்டுக்காரர். இந்த முறை கேள்வி மாதிரி இல்லை. முனகல்.

"போட்டிருந்துது சார்" என்றான் அவன் மெதுவாக. பிறகு, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, "நீங்க என்ன சார் தொழில் பண்றீங்க?"

அவருடைய காது மடல்கள் சிவந்தன. தொண்டையைச் செருமினார். எத்தனையோ மேடைகளில் 'ஹலோ, மைக் டெஸ்டிங்' சொன்ன தொண்டை.

"சிமெண்ட்" என்றாள் மகள்.

அவள் கண் மேசைமேல் கிடந்த கட்டியில் இருந்தது; அங்கிருந்து வந்த வார்த்தை. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே புரிந்தது. வேறு வழியில்லாமல் மேலே போனாள். "அப்பா சிமெண்ட் ஏஜென்சி வெச்சிருக்காரு."

"அப்படியா?" கடைக்காரனின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கட்டியை எடுத்து அவரிடம் நீட்டினான். "அப்ப இது எப்பிடி சார், நல்ல சிமெண்டா?"

வாங்காமல் இருந்திருக்கலாம். ஆனால் ஆயுள் முழுக்க எது கேட்டாலும் பதில் சொல்லிப் பழகிய கை நீண்டுவிட்டது. கட்டியை வாங்கிப் புரட்டினார். நகத்தால் சுரண்டினார். ஒரு முனை பொடிந்து சட்டையில் விழுந்தது.

"கலவ சரியில்ல" என்றார். "மணல் ஜாஸ்தி."

மகள் தலையைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "கேப்டனுக்கு போன் பண்ணணும்" என்று குனிந்து வெளியே போனாள்.

கதவு சாத்தியதும் கடைக்காரன் திருகுகளைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டான். அவரைப் பார்க்காமலே பேசினான்.

"சார், எங்க தங்கச்சி கல்யாணத்துக்கு மைக் செட்டு நீங்கதான் போட்டீங்க. பெட்டியெல்லாம் வேன்லேர்ந்து நானும்தான் சேர்ந்து எறக்கினேன். முதுகுல பொடி எழுத்துல போட்டிருந்ததையும் படிச்சேன்."

சவுண்டுக்காரர் கையில் கட்டியோடு நின்றார்.

"அன்னைக்கு நீங்க அத எடுத்தப்ப இன்னும் ரெண்டு வார்த்த சொல்லித் தடுத்திருக்கணும். தப்பு என்மேலயும்தான். உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லிடப் போறேன்னு விட்டுட்டேன்."

அவன் கிண்டல் பண்ணியிருந்தால் அவருக்குச் சண்டை போடத் தெரியும். அவன் கிண்டல் பண்ணவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டான். ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரனிடம் பேசுகிற மாதிரி பேசினான்.

சவுண்டுக்காரர் சாத்திய கதவைப் பார்த்தார். "அவகிட்ட..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லல சார். சிமெண்ட்டாவே இருக்கட்டும்."

கட்டியை மேசைமேல் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

வெளியே மழை பிடித்திருந்தது. மகள் கூரைத் தகரத்துக்குக் கீழே முதுகைக் காட்டி நின்று பேசிக்கொண்டிருந்தாள். "இல்லக்கா, மெஷின் நல்ல மெஷின்தான். எங்க ஏரியால கரண்ட் சரியில்ல, அடிச்சிடுச்சு... அப்பா பாவம், அவரே கூட வந்து பாத்துப் பாத்துதான் வாங்கிக் குடுத்தாரு... இல்லக்கா, நாளைக்கு முடியாது. அவளையே போட்டுக்கோங்க. அடுத்த சுத்துக்கும் அவளே இருக்கட்டும், நடுவுல மாத்தாதீங்க. சாரிக்கா. நெஜமாவே சாரி." பிசிறே இல்லாத குரல். கடைசி 'சாரி'யில் மட்டும் ஓர் இடத்தில் உடைந்தது.

அவர் செருப்பு படியில் உரசியதைக் கேட்டுத் திரும்பினாள். போனைப் பைக்குள் போட்டாள்.

"என்னப்பா சொன்னாரு?"

'தெரியும்னு சொன்னாரு' என்று சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தார். தன் பொய் அப்பாவுக்கு உதவியதா என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்த முகம்.

"சிமெண்ட் வெல விசாரிச்சாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஏறிடுச்சுன்னேன்."

அவள் தலையாட்டினாள். ஸ்கூட்டர் சீட்டைக் கையால் வழித்து ஈரத்தைத் துடைத்தாள். அவருக்கு ஹெல்மெட்டின் வார் மாட்ட வரவில்லை. விரல்கள் கொக்கியைத் தேடி நழுவிக்கொண்டே இருந்தன. அவள் கிட்டே வந்து, அவர் கண்ணைப் பார்க்காமல், தாடைக்குக் கீழே கையைக் கொடுத்து மாட்டிவிட்டாள். அவர் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை மாதிரி மோவாயைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார்.